காதுக்கல்

டுலூத் பையன்கள் எல்லோரும்
ஒரு மீனை ஏந்தி நிற்கிறார்கள்.
ஆப்பைத் திறந்தால் மீன்.
இடப்பக்கம் தள்ளினால் அடுத்த மீன்.
பிறந்த பிள்ளையை முதல்தடவை வாங்கியவன்போல
கை விறைத்து, பல் தெரிய.

எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள்:
டிரவுட் நாற்பத்தொன்று
பெர்ச் பதினேழு
இன்னதென்று தெரியாதது ஆறு
கிட்டார் மூன்று.
நாய் கணக்கில் சேராது.
ஒடெஸா ஓட்டெடுப்பு வைத்து ஜெயித்தாள்.

நான் மீன் படிக்கிறவள்.
முகத்துக்கு முன்னால் துடுப்பைப் பார்த்துவிடுவேன்.
வாலுக்கு முந்திய குட்டித் துடுப்பு நறுக்கியிருந்தால்
பண்ணையில் வளர்த்து விட்டது.
எமெட்டின் மீனுக்கு அது முழுசாக இருந்தது.
அதனால்தான் வலப்பக்கம் தள்ளினேன் என்று
மேரனிடம் சொன்னேன்.
அவள் நம்பவில்லை.
அவனுக்குத் தோள்களும் இருந்தன.

நவம்பர். ஏரியிலிருந்து வரும் காற்று
தெருவை மேட்டுப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.
என் போனின் பச்சைப் புள்ளியை
ஒடெஸாவின் போனில் ஏற்றிவிட்டுக் கிளம்பினேன்.
எங்களுக்குள் ஒரு சொல் உண்டு:
"பால் தீர்ந்துபோச்சா?"
அப்படி எழுதினால் உடனே கார் எடுத்து வரவேண்டும்.
போன மார்ச்சில் மேரன் ஒருமுறை எழுதினாள்.
ஒடெஸா ராத்திரி உடையோடு ஓட்டிப்போனாள்.
அந்த இரவைப் பற்றி
மூன்று பேரும் இன்னும் பேசவில்லை.
வீட்டில் அதன்பிறகு
பால் தீர்ந்ததே இல்லை.

கழற்ற நேரம் பிடிக்கிற ஊர் இது.
கோட்டு, ஸ்வெட்டர், உள்ளே இன்னொரு ஸ்வெட்டர்,
இரண்டு ஜோடி காலுறை.
நடுவில் ஓரிடத்தில் சிரித்துவிட்டோம்.
"அந்த மீனுக்கு என்ன வயசிருக்கும்?" என்றேன்.
"என் அண்ணன் பிடிச்சது.
போட்டோவுக்குக் கொஞ்சம் வாங்கிக்கிட்டேன்."
அந்த இரவில் அவன் சொன்ன
முழு உண்மை அதுதான் என்று நினைக்கிறேன்.
அப்போது அவனைப் பிடித்திருந்தது.

யாரும் என்னை ஏமாற்றவில்லை.
எனக்கும் வேண்டியிருந்தது.
எப்படி வேண்டும் என்று அவன் கேட்டிருந்தால்
சொல்லத் தெரிந்திருக்காது.
கேட்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது,
மேல்சட்டைக்குள் போய்விட்ட முடிமாதிரி,
வீடு வரும்வரை.

இரண்டு மணி. அவன் போனைப் பார்த்தபடி
"பத்திரம், பிரிட்டனி" என்றான்.
என் பெயர் பிரிட்டா.
காலுறை ஒன்று உள்வெளியாக இருந்தது.
மேடேறினேன். எனக்கு முன்னால்
ஒடெஸாவின் கையில் என் புள்ளி ஏறியிருக்கும்.
வாசல்படியில் கால்வைக்கவும்
அவள் அறை விளக்கு அணைந்தது.
தூங்குவதாக நடித்தாள்.
நானும் அதை நம்புவதாக.

மீனின் தலைக்குள் காதுக்கல் உண்டு,
அரிசியளவு. அறுத்து மெழுகித்
தேய்த்து லென்ஸுக்கடியில் வைத்தால்
வளையம் வளையமாக வயது.
கோடைக்கு அகலமாய் ஒன்று,
குளிருக்கு ஒடுங்கி ஒன்று.
பசித்த வருடத்தை அது மறைக்காது.

டிசம்பரில் லேபில் ஒன்பதாவது வளையத்தில் இருந்தபோது
போனைப் பார்த்தேன். ராத்திரி 1:52க்கு வந்தது:
"உன் தோடு ஒண்ணு கட்டிலுக்கடியில் கிடந்துச்சு."
படமும் அனுப்பியிருந்தான்.
சின்ன நீலக் கல், திருகு இல்லை.

நான் காது குத்திக்கொண்டதில்லை.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
யாரோ ஒருத்தி கண்ணாடி முன் நின்று
ஒற்றைக் காதைத் தடவியிருப்பாள்,
பஸ்ஸிலா, வகுப்பிலா என்று யோசித்திருப்பாள்,
அந்த அறையைக் கடைசியாக.
எழுதினேன்:
"என்னுடையது இல்லை. தூக்கிப் போட்டுடாதே."
அவன் கட்டைவிரலை அனுப்பினான்.

சாயங்காலம் ஒடெஸா வெங்காயம் அரிந்தாள்.
அவள் காதைப் பார்த்தேன்.
பார்த்ததற்கு வெட்கப்பட்டேன்.
இரண்டும் இருந்தன, வெள்ளி.
மேரனைப் பார்க்கவில்லை.
பேனாவை எடுத்துத் தாளில்
கிட்டாருக்குக் கீழே எழுதினேன்:
தோடு, ஒன்று.

"யாருடையது?" என்றாள் ஒடெஸா.
பால் எடுக்கக் கதவைத் திறந்தேன்.